நிற்காத புளோயர்

ஜூன் 12, செவ்வாய். விடாத மழை.

அரிசி மண்டிக்காரர் அப்பாவுக்குக் கொடுத்த டைரி இது. கேட்காமல் எடுத்துவிட்டேன். மன்னிக்கணும். எழுதுகிற அளவுக்கு நான் ஒன்றும் பெரிய ஆளில்லை. ஆனால் எங்கள் சாப்பாட்டுக் கடைக்குள் வாயால் சொல்வது யார் காதிலும் விழுவதில்லை.

காரணம் பெல்லட் அடுப்பு. அதன் புளோயர், அதாவது காற்று ஊதும் விசிறி, நிற்க மாட்டேன் என்கிறது. காலையில் போட்டது, கடை சாத்திய பிறகும் உர்ர்ர். அப்பா அடுப்போடு வந்த புத்தகத்தை என் மடியில் எறிந்தார். "பிசிக்ஸ் படிச்ச பிள்ளதானே. வாசிச்சுப் பாரு மக்களே."

வாசித்தேன். மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் துண்டுகள் எரிவதற்குப் புளோயர் காற்று ஊதும். சுவிட்சை அணைத்த பிறகும் அடுப்பு ஆறும்வரை ஓடும், ஆறியதும் தானே நிற்கும். இவ்வளவுதான். நிற்காவிட்டால் என்ன செய்வது என்று இல்லை.

சாம்பல் எங்கும். உப்பில், இலையில், என் காது மடலில். மதியம் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர் ஒருவர்: "அண்ணாச்சி, சாம்பார் கேட்டா சாம்பல ஊத்துறியளே!" பந்தி முழுக்கச் சிரிப்பு. எச்சில் இலையை எடுத்துக்கொண்டே நானும் சிரிப்பதுபோல் வாயை வைத்துக்கொண்டேன். சீ.

திங்கட்கிழமை கழக்கூட்டம் போய் அங்கே ஒரு ஆபீஸில் வேலைக்குச் சேர வேண்டும். கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றும் வேலை. அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. "நீயே கேளு பிள்ளே. நான் வாய் தொறந்தா எனக்குத்தான் ஏச்சு" என்கிறாள்.

ஜூன் 13, புதன். மழை. துணி எதுவும் காயவில்லை.

இன்று கேட்டுவிடுவது என்று எழுந்தேன். அப்பா காய் நறுக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன். "அப்பா, திங்கட்கிழமை..." உர்ர்ர். காதில் கை வைத்துக்கொண்டு, "என்ன மக்களே? ஒண்ணும் கேக்கல. அப்புறம் சொல்லு." அப்புறம் என்பது வரவே இல்லை.

சத்தம் பொறுக்காமல் அப்பா அடுப்பின் பிளக்கைப் பிடுங்கினார். புகை திரும்பி உள்ளே வந்தது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம். அம்மா இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவப்பு. மறுபடி சொருகினார்.

வாங்க வேண்டியது: துடைக்கும் துணி, சோப்பு, அம்மாவுக்கு இருமல் மருந்து. மருந்து மறந்துபோனது.

தலை குளித்தும் முடியில் எண்ணெய்ப் புகை நாற்றம். இந்த முடியோடு ஆபீஸில் யார் பக்கத்தில் உட்காருவேன்?

ஜூன் 14, வியாழன். காலையில் வெயில், பிறகு பழையபடி.

அடுப்புக் கம்பெனியிலிருந்து மலையாளி மெக்கானிக் வந்தார். நனைந்த குடையை அரிசிச் சாக்கின் மேல் வைத்தார். புளோயரைக் கழற்றியதும் உள்ளே பிசின் மாதிரி எண்ணெய் அழுக்கு, அதில் ஒட்டிய கரப்பான் சிறகுகள், முடி. யார் முடியோ. இந்தக் காற்றுதான் இத்தனை நாளும் சோற்றுப் பானைக்கு அடியில். அவர் விரலைக் கொடியில் கிடந்த, தலை துவட்டும் துவர்த்தில் துடைத்தார். என்னுடைய துவர்த்து.

"போர்டு போயி சேட்டா. மாத்தியா மதி, எல்லாம் சரியாகும்." மாற்றினால் போதுமாம், மாற்றினார். நிற்கவில்லை. "சிலப்போ ரெண்டு திவசம் எடுக்கும் கேட்டோ." இரண்டு நாள் ஆகுமாம். சாயா குடித்துவிட்டுப் போனார்.

கடை வாசலில் பேருந்துக்குக் காத்திருந்த கிழவர் ஒருவர், பழைய வாடிக்கை, என்னைப் பார்த்து: "பி.எஸ்ஸி படிச்ச பிள்ள இருக்கிய வீட்டுல ஒரு விசிறிய நிறுத்தப் பாடில்லையா?" அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது.

ஜூன் 15, வெள்ளி. தூறல்.

கண்டுபிடித்துவிட்டேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மதியப் பந்தி முடிந்து தரை கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா சுவிட்சை அணைத்தாள். அக்கம்பக்கம் பார்த்தாள். ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கங்குக்குள் செருகி, மேலே சாம்பலை வாரி வாரி மூடினாள். விறகடுப்பில் செய்வது போலவே. அடுப்பு எப்படி ஆறும்? ஆறாமல் புளோயர் எப்படி நிற்கும்? மூடிய சாம்பலை அதே புளோயர் ஊதி ஊதி ஊர் முழுக்க இறைக்கிறது. ஒரு சிரட்டை தீர்ந்தால் அடுத்தது.

"அம்மா, என்ன செய்றீங்க?"

திடுக்கிட்டாள். "மழையில இந்தத் துண்டுவ நமுத்துப் போச்சு, பத்தவே மாட்டேங்கு. தீப்பெட்டியும் ஈரம். கங்கு கெடந்தா ஒடனே பிடிக்கும்லா?"

"அதனாலதான் நிக்கல."

"போடி. கரண்டுல ஓடுற விசிறிக்குச் சிரட்ட இருக்கியது தெரியுமாக்கும்! எங்க வீட்டுல அடுப்பு ஒருநாளும் செத்துக் கெடந்ததில்ல." பிறகு குரல் இறங்கிற்று. "அப்பாட்ட சொல்லாத பிள்ளே. கொன்னு போடுவாரு."

மெக்கானிக்கின் அழுக்கு விரல், என் துவர்த்து, பந்தியில் அந்த இளிப்பு, அம்மாவின் இருமல், எல்லாம் ஒரு சிரட்டைக்காக. கோபப்படக்கூட முடியவில்லை. அருவருப்பு மட்டும். சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 16, சனி. வானம் மூடிக்கிடக்கிறது.

மதியப் பந்தியின் கடைசியில் சுவிட்சை அணைத்து, அடுப்பைச் சுரண்டி, கங்கு முழுவதையும் தகரத்தில் அள்ளி முற்றத்து மழைத் தண்ணீரில் கொட்டினேன். துண்டுகளை டப்பாவில் அடைத்து மேல் தட்டில் ஏற்றினேன், ஈரம் படாமல். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள், ஏதோ சாவு வீடு மாதிரி.

புளோயர் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு நின்றது.

சட்டென்று தெருச் சத்தமெல்லாம் உள்ளே வந்துவிட்டது. சாலைக்கடைச் சந்தைக்குப் போகும் லாரி, மழை, யாரோ மோர் உறிஞ்சுவது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலை தூக்கினார்கள்.

அப்பா முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "கண்டியளா? மெக்கானிக் தலைய சொறிஞ்சிட்டுப் போனான். எனக்க பிள்ள ஒத்தைக்கு நிறுத்திட்டா! இனி மெக்கானிக்கும் வேண்டாம், மயிரும் வேண்டாம். அடுப்பு இவளுக்க பொறுப்பு. இதுக்குத்தான் படிக்க வச்சது."

"அதாக்கும் படிப்பு!" என்றார் அந்தக் கிழவர், ரசத்தைக் கையில் வழிய விட்டுக்கொண்டு.

அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுப்பில் கோளாறே இல்லை, அதற்கு ஆளே வேண்டாம் என்று. அவளோ அம்மிக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைத்த இடத்தையே.

இந்தப் புகழ்ச்சி சாம்பலைவிட மோசம். சாம்பலைக் கழுவிவிடலாம்.

"அப்பா" என்றேன். உர்ர்ருக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை, அடக்கத் தெரியவில்லை. கடை முழுக்கக் கேட்டது. எல்லாக் கையும் இலையில் நின்றது.

"அடுப்ப அம்மா பாத்துக்கிடும். எனக்குக் கழக்கூட்டத்துல வேலை கெடச்சிருக்கு. திங்கக்கெழம என்னய அனுப்பணும் அப்பா."