ஏழைப்பங்கு ரொட்டி அரண்மனையில் பிறந்ததெனச் சாற்றும் ஓலை

திரு நிலைபெறுக. வெண்கழி நாட்டையும் அதன் துறைகள் அனைத்தையும் தம் குடைக்கீழ் வைத்து ஆளும் கடலதிர வேள், ஓடக்காரர் குலத்தில் பிறந்து நம் அருளால் முகத்துறையின் தலைவராக உயர்ந்த மருதூரனுக்கு விடுக்கும் ஓலை. உம் துறையில் மீன் மலிக. படகுகள் பழுதின்றிக் கரை மீள்க. உம் இல்லத்தார் நலமே வாழ்க. உம் தமக்கை சேந்தியின் நலம் மட்டும் இப்போது நம் கையில் இருக்கிறது. அது பற்றியே எழுதுகிறோம்.

ஏழைப்பங்கு என்று உம் ஊரார் அழைக்கும் ரொட்டியை நாமும் விரும்பி உண்பதை நீர் அறிவீர். நீள ரொட்டியை வகிர்ந்து, உள்ளே வறுத்த இறைச்சித் துணுக்குகளை அடைத்து, மேலே சூடாகக் குழம்பை ஊற்றித் தரும் அந்தப் பண்டம் இன்று நாட்டின் கடைத்தெருக்களில் எல்லாம் விற்கிறது. இத்தனை புகழ் பெற்ற ஒன்று படகுத்துறைச் சேற்றில் பிறந்ததாக இருப்பது நமக்குப் பிடிக்கவில்லை. ஆகவே, ஓடக்காரர் துடுப்பைக் கவிழ்த்து வேலை மறுத்த காலத்தில், அவர்கள் பசி பொறாத நம் தந்தையாரே அரண்மனை அடுக்களையில் இதைச் செய்வித்து அனுப்பினார் என்று தீவு நாட்டுத் தூதருக்கு அளித்த விருந்தில் அறிவித்தோம்.

தூதர் நல்ல மனிதர்தாம். வாய்தான் சும்மா இராது. ரொட்டியின் இரு முனைகளும் மெலியாமல் நடுப்பகுதி அளவுக்கே பருமனாக இருப்பது ஏன் என்று வினவினார். வெள்ளித்தட்டில் அழகாக அமைவதற்கே என்று நம் தலைமைச் சமையற்காரன் விடையிறுத்தான். தூதர் விழுந்து விழுந்து சிரித்தார். வரும் வழியில் உம் தமக்கையின் கடையில் உண்டாராம். கூலி நெல்லைப் பாதியாகக் குறைத்ததும் அல்லாமல் நம் தந்தையார் களஞ்சியத்தைப் பூட்டி ஓடக்காரரைப் பட்டினி போட்டபோது, சேந்திதான் எல்லோர்க்கும் இலவசமாக இதை அளித்தாளாம். ஒரு ரொட்டியைப் பலருக்கு அறுத்துப் பங்கிடுகையில் நுனி மெலிந்தால் அது வாய்த்தவன் அரைவயிற்றோடு போவானே என்று மண் அச்சில் மாவை அடைத்து ஒரே பருமனாகச் சுட்டாளாம். சபை முழுதும் கேட்க அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அதனால்தான் நமக்குக் கோபம் அடங்கவில்லை. தூதரைத் தொட இயலாது. சமையற்காரனுக்கு இனிச் சுவை பார்க்க நாக்கு இல்லை.

சேந்தியை வரவழைத்தோம். பண்டம் அரண்மனையில் பிறந்ததென அவள் ஒருமுறை சொன்னால் நிலமும் பட்டமும் தருவதாகப் பரிவோடு கூறினோம். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதச் செய்கிறோம்: “பட்டினி போட்டவரு பேரச் சொல்லியா சோறு போடச் சொல்றீங்க? அது என் வாயில வராதுங்க.”

அவளைக் கொல்வது எளிது. கொன்றால் கடைதோறும் அவள் பெயரைச் சொல்லியே ரொட்டி விற்பார்கள். ஆகையால் ஆணையிடுகிறோம்: இனி நாடெங்கும் இந்த ரொட்டி இரு முனையும் மெலிந்தே சுடப்படும்; அதன் பெயர் அரசபோகம். சேந்தியை வீரர் காவலோடு உம் துறைக்கே அனுப்புகிறோம். அங்கே ஓடக்காரர் அனைவரையும் வரிசையில் நிறுத்துவீர். நம் தந்தையாரே தங்களுக்கு உணவளித்தார் என்று உரக்கச் சொல்பவனுக்குக் கொழுத்த நடுத்துண்டு, மறுப்பவனுக்கு நுனி. அறுப்பதும் கொடுப்பதும் சேந்தியின் கையாலேயே நடக்கட்டும். ஒருவன் கைத்துண்டைப் பார்த்து மற்றவன் வயிறெரியத் தொடங்கிவிட்டால், பிறகு அவர்கள் சேர்ந்து துடுப்பைக் கவிழ்க்க மாட்டார்கள்.

வரிசையில் முதல் ஆள் நீர். அந்தப் பட்டினிக் காலத்தில் நீரும் அவள் கையால் உண்டு பிழைத்தவர் என்பது நமக்குத் தெரியும். நீர் சொன்னால் மற்றவர் தாமே சொல்வர். மறுப்பீராயின், கத்தி பிடித்த அவள் கையை வீரர்கள் அங்கேயே துணிப்பார்கள்.

முதலை பொறித்த நம் இலச்சினையை இவ்வோலையில் இட்டோம். கண்டவுடன் பறை அறைவிப்பீர். சிறையில் உம் தமக்கை, தம்பி சாப்பிட்டானா என்று போவோர் வருவோரிடமெல்லாம் கேட்கிறாளாம். அவள் கண்முன் நின்று உண்டு காட்டுவீர்.