பொட்டாசியத்துக்காக நின்ற ஓலை

திண்டிவனம்,
வெள்ளி

செல்ல மகளே,

ஞாயிறு பூசையில் உன் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசிக்க வேண்டாமென்று பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். உன் அம்மா என்னோடு பேசவில்லை. மற்றபடி ஊரே பேசுகிறது.

ஆராய்ச்சியை விடமாட்டேன் என்பதுதானே நீ போட்ட ஒரே நிபந்தனை? விழுப்புரத்துச் சம்பந்தியம்மா நேற்று வந்து, "உடம்புல பொட்டாசியம் போற ஓட்டைய நோண்டிக்கினு இருக்கறதெல்லாம் ஒரு வேலையாங்க? கல்யாணம் ஆனதும் நிறுத்திடட்டும்" என்றார்.

"உங்க நெஞ்சு ஒழுங்கா அடிச்சிக்கினு இருக்கறதே அந்த ஓட்டையாலதாங்க" என்றேன். நீ போனில் விளக்கியதில் என் மண்டையில் ஒட்டியது அவ்வளவுதான்.

பெரிய பொட்டாசியத்துக்கு வழிவிட்டு, சின்ன சோடியத்தை அந்த ஓட்டை ஏன் மறிக்கிறது என்று, ஓட்டையாய் இருக்கும் புரதத்தில் ஒரு துணுக்கை மட்டும் வேதியியலால் மாற்றிப் பார்க்கப்போவதாகச் சொன்னாயே. மாற்றிப் பார். ஞாயிறு பூசையில் நான் முதல் வரிசையில்தான் உட்காருவேன்.

இஸ்திரி போட்ட சட்டையோடு,
உன் அப்பா