சத்தம் பின்னால் வருகிறது

அன்புள்ள மச்சானுக்கு,

நம் பாப்பாவுக்கு மலையில் மொட்டையடித்துக் காது குத்திய வீடியோ கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் போராடிக்கொண்டிருக்கிறேன். இதற்கென்றே வாங்கிய பெட்டி பாதியில் நின்றுவிடுகிறது. எடிட்டிங் சாஃப்ட்வேரோ நான் சொன்ன இடத்தை விட்டு வேறெங்கோ வெட்டுகிறது. அரக்கோணம் கடைக்காரனைக் கேட்டால், "டேப்பே பழசு சார், இன்னா பண்றது" என்கிறான்.

ஒருவழியாக ஏறிவிட்டது. ஆனால் படம் முன்னால் ஓடுகிறது, சத்தம் பின்னால் வருகிறது. உங்கள் மடியில் பாப்பா அழுது ஓய்ந்த பிறகுதான் அழுகை கேட்கிறது.

அன்றைக்குப் பந்தியில் நமக்குள் நடந்த பேச்சு அதில் இல்லை. நீங்கள் இலையில் உட்காராமல் சத்திரத்துப் படியிறங்கிப் போவது இருக்கிறது. அத்தோடு படம் முடிகிறது. இருண்ட திரையில் உங்கள் தங்கச்சியின் குரல் மட்டும் வருகிறது: "அண்ணா, ஒரு வாய் துன்னுட்டுப் போண்ணா."

அவள் போன பிறகு அந்தக் குரல் வேறெதிலும் இல்லை. அதனால் சத்தத்தைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டுவிட்டேன்.

தை மாதம் பாப்பாவின் மகனுக்குக் காது குத்து. அவளுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை, உங்கள் மடிதான். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும். கூப்பிட்டது நான் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி வீட்டுக்காரன்