மஞ்சள் துணி கட்டிய ஏலச்செடி

அல்லிநகரம்
14.11.2009

அன்புள்ள ஷீலாவுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம். புனேயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பதாக நம்ப ஆசைதான், ஆனால் போனில் உன் குரல் வேறு மாதிரி சொல்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சர்ச்சில் அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த ஒரு பூசணிக்காயை வீம்புக்கு ஏலம் எடுத்துவிட்டு வந்தார், ஒரு வாரமாக அதைத்தான் சாப்பிடுகிறோம். எங்கள் கல்லூரியில் செமஸ்டர் தேர்வு முடிந்துவிட்டது. விடைத்தாள் திருத்தத் தொடங்குமுன் கிடைத்த ஒரு நாளில் சின்னமனூர் போய் ஜீப் பிடித்து மேகமலைக்கு ஏறினேன். அந்த ரோட்டைப் பற்றி எழுத வேண்டாம், இடுப்பு இன்னும் பேசுகிறது. ஏன் போனாய் என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியில் மறுத்துப் பேசுவாய், அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படி.

மேகமலைத் தோட்டத்தில் அழுகல் நோய் வந்த மழையில் வரிசை முழுவதும் சாய்ந்தும் அந்த ஒரு ஏலச்செடி மட்டும் நின்றதே, அதன் இலையில் மஞ்சள்கிழங்கின் சத்து இருப்பதாக உன் கருவி காட்டியது என்று போன மாதம் சொன்னாய். ஏலமும் மஞ்சளும் ஒரே குடும்பம்தானே அம்மா, ஏன் இருக்கக் கூடாது என்றாய். அடுத்த மாதக் கருத்தரங்கில் உன் பேராசிரியர் அறிவிக்கப் போகிறார் என்றும் சொன்னாய். செடி தானே அதைச் செய்திருந்தால், செய்யத் தேவையான மரபணு அந்த இலையில் வேலை செய்த தடயமும் இருக்க வேண்டுமே என்று கேட்டேன். தேடிக்கொண்டிருக்கிறோம் என்றாய். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

செடியைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. போன வருஷம் மே மாதம் அடையாளத்துக்கு நீ கட்டிய மஞ்சள் துணி அப்படியே இருக்கிறது, அதற்குக் கீழே தண்டிலும் இலையடியிலும் மஞ்சள் அப்பியிருக்கிறது, குங்குமமும். காய் பறிக்கிற ஜக்கம்மாவைக் கூப்பிட்டு இதென்ன என்று கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒங்க மகதான டீச்சரம்மா மஞ்சத்துணி கெட்டிட்டுப் போச்சு, என்ன நேந்துக்கிட்டுச்சோ, நாங்க சும்மா விட்டா நல்லாருக்குமா, வெள்ளிக்கு வெள்ளி அரைச்சுப் பூசுறோம்ல என்றாள். எதுக்கு நேந்துச்சு, மாப்பிள்ளைக்கா வேலைக்கா என்று பக்கத்தில் நின்றவள் கேட்க, மாப்பிள்ளைக்குன்னா மரத்துலயில்ல கெட்டணும், செடியில கெட்டுனா குட்டையனால்ல வருவான் என்று இன்னொருத்தி சொல்ல, அங்கன நின்ற எல்லோருக்கும் சிரிப்பு. எனக்கும் வந்தது. உன் முகம் நினைவுக்கு வந்ததும் நின்றுவிட்டது.

நம் வீட்டில் மஞ்சள் துணி வெறும் துணி. அங்கே அது நேர்ச்சை. அது உனக்கும் தோன்றவில்லை, அவர்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. இந்த வருஷம் ஜூனில் நீ ஆய்வுக்கு இலை பறித்தபோது மழை, கண்ணுக்குத் தெரிகிற மஞ்சள் கரைந்து போயிருக்கும். நன்றாகக் கழுவினேன் என்பாய், தண்ணீரில்தானே கழுவினாய். மஞ்சள் கறை தண்ணீரில் போகாது என்று துணி துவைக்கிற யாருக்கும் தெரியும். சத்தை இறக்க லேபில் ஆல்கஹாலில் ஊறவைத்ததும் ஒட்டியிருந்ததெல்லாம் இறங்கியிருக்கும், உன் கருவி உள்ளதைத்தான் சொன்னது.

இதைப் பேராசிரியரிடம் நீயே சொல், இந்த வாரமே சொல். கோபப்படுவார், படட்டும். அவர் மேடையேறிய பிறகு வேறு யாராவது சொல்வதைவிட இது நல்லது. ஆனால் எல்லாம் போயிற்று என்று உட்கார்ந்துவிடாதே. ஜக்கம்மா, நாங்க மஞ்ச பூசுறதாலதான் இது அழுகாம நிக்கிது என்கிறாள். கணக்கு இடிக்கிறது. வரிசை சாய்ந்தது நீ துணி கட்டுவதற்கு முந்தைய வருஷ மழையில், அப்போது அதற்கு யாரும் மஞ்சள் பூசவில்லை. ஆகவே அதைக் காப்பாற்றியது வேறு ஏதோ, அதனுடையதே. மஞ்சளைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார். பெயர் தெரியாத இன்னொரு பொருளும் நிறைய இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்று அன்று போனில் சொல்லிவிட்டுப் போனாயே, அதிலிருந்து தொடங்கு.

அதே செடியில் இன்னும் விரியாத உள்குருத்தும், மஞ்சள் படாத பக்கத்துச் செடியின் இலையும் பறித்து நிழலில் உலர்த்தித் தனித்தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மஞ்சள் உண்டா இல்லையா என்று பார்க்க இவை போதும். மரபணு பார்க்க இவை ஆகாது, கிறிஸ்துமஸுக்கு வரும்போது உன் ஐஸ் பெட்டியோடு வந்து நீயே பறி. பூசுவதை நிறுத்த ஜக்கம்மா ஒத்துக்கொண்டாள். துணியை மட்டும் அவிழ்க்க விடவில்லை, நேந்தது நடந்தாத்தான் அவுக்கணும் டீச்சரம்மா, நடந்துச்சா என்று கேட்டாள். எனக்கு நேர்ச்சையில் நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் அவளிடம், இன்னும் நடக்கவில்லை, நடக்கும் என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினேன்.

கர்த்தர் உன் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக. அப்பா முத்தம் அனுப்பச் சொன்னார். இரவில் மோர் குடிக்காதே. இந்த முறை இலையைத் தண்ணீரில் மட்டும் கழுவாதே.

உன் அம்மா,
ஞானசெல்வி ஜஸ்டின்