ஞாயிற்றுக்கிழமை வாடகை

ஜூலை 8, செவ்வாய்

காற்று. ஆடிக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. கீழ் ஹாலிலிருந்து பறக்கும் பனியன் பஞ்சு மாடிப்படி வரை. இரண்டு முறை பெருக்கச் சொன்னேன். வேலைக்கு வரும் செல்வி முனகினாள்.

பதிவுத் தபால். அமலின் வக்கீல் அனுப்பிய நோட்டீஸ். என் கணவரின் தம்பி மகன், என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறவன், இப்போது சட்டப்படி என் குத்தகைதாரனாம். நான் சொன்னாலும் காலி செய்ய மாட்டானாம்.

எழுத்து கிடையாது. வாடகை என்று ஒரு பைசா வாங்கியதில்லை. சொந்தத்துக்குள் பத்திரம் போடுவது எங்கள் பக்கம் மரியாதைக் குறைவு. கீழ் ஹாலில் தையல் மெஷின் போட்டுக்கொள்கிறேன் என்றான், சரி என்றேன். என்னைக் கேட்காமல் பூட்டை மாற்றி, பிரிண்டிங் போடும் யாரோ ஒருவனுக்குப் பாதி ஹாலை விட்டான். அப்போதுதான் வெளியே போ என்றேன்.

வாடகை தந்தானாம். எப்படி? ஞாயிறுதோறும் என்னைக் காரில் மாதா கோயிலுக்கு, பூசைக்கு, அழைத்துப் போனது. அச்சில் இருக்கிறது.

நோட்டீஸ் முழுக்க எழுத்துப் பிழை. சிவப்பில் திருத்தி வைத்தேன்.

ஜூலை 9, புதன்

பி.பி. மாத்திரை வாங்க. பால்காரனைக் கண்டிக்க.

சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 105. ஆங்கிலத்திலேயே படித்தேன், கான்வென்ட் சிஸ்டர்கள் பழக்கியபடி, ஒவ்வொரு காற்புள்ளியிலும் நின்று. குத்தகைக்கு ஈடாகத் தருவது பணமாக இருக்கலாம், விளைச்சலில் பங்காக இருக்கலாம், சேவையாகவும் இருக்கலாம். குறித்த காலங்களில் தர வேண்டும்.

சேவை. அந்தச் சொல் இருக்கிறது. அயோக்கியன், சரியாகத்தான் படித்திருக்கிறான்.

ஜூலை 10, வியாழன்

வக்கீல் கவிதாவிடம். சின்னப் பெண். மேசையெல்லாம் டீ கறை. நிமிர்ந்து உட்காரத் தெரியாது. சட்டம் தெரியும்.

"லீஸா லைசென்ஸாங்கறதுதானுங்கம்மா கேசே. லீஸுன்னா எடத்து மேல அவருக்கு உரிமை வந்துரும். லைசென்ஸுன்னா வெறும் அனுமதி. நீங்க போன்னா போயாகோணும்."

தீர்ப்புகளைக் காட்டினாள். என்ன பெயர் வைத்தோம் என்பது பெரிதில்லை, இருவர் மனத்திலும் என்ன இருந்தது என்றே பார்ப்பார்கள். உறவுக்குள் பாசத்தால் விட்ட இடத்தைக் குத்தகை என்று சொல்லத் தயங்குவார்கள்.

"பாசத்துல நீங்க எடங்குடுத்தீங்க, பாசத்துல அவரு கார் ஓட்டுனாரு. அபிடவிட்டுல அப்படிப் போட்டர்லாமுங்களா?"

"அவனுக்குப் பாசம் இருந்துச்சுன்னு நான் எப்படிச் சத்தியம் பண்றது?"

நோட்டீஸோடு இணைத்திருந்த தாள்களைப் புரட்டினாள். சனிக்கிழமை தோறும் அவன் ஃபோனுக்கு நான் அனுப்பியவை. "நாளை ஏழு மணி. தாமதம் கூடாது." பக்கம் பக்கமாக அதுவே. கீழே அவன் பதில்: "சரிங்க பெரியம்மா." ஒரு வாரம் மட்டும் வேறு: "ஹாலை அனுபவிக்கிறாய் அல்லவா? நேரத்துக்கு வா."

கவிதா நெற்றியில் கை வைத்தாள். "ஏனுங்கம்மா, வாடகை வசூல் பண்ற மாதிரியே எழுதியிருக்கீங்களே."

"தமிழ் சரியா இருக்குதா, இல்லையா?"

"தமிழ் சுத்தமா இருக்குதுங்க. கேசுதான் போச்சு."

ஜூலை 12, சனி

செய்தி அனுப்பவில்லை. கீழே ஓவர்லாக் மெஷின் சத்தம், இந்திப் பாட்டு. வேண்டுமென்றே சத்தமாக வைக்கிறான்.

ஜூலை 13, ஞாயிறு

ஏழுக்கு ஹாரன். எப்போதும் போல ஒரே ஒரு முறை. வாசலில் காரைத் துடைத்து, முன்கதவைத் திறந்து வைத்து நிற்கிறான். நிறுத்தினால் வாடகை பாக்கியாகிவிடும் என்று வக்கீல் சொல்லிக் கொடுத்திருப்பார்.

"வாங்க பெரியம்மா. நேரமாச்சுங்க."

"வாடகை குடுக்க வந்தியா?"

"அதெல்லாம் வக்கீலு பாத்துக்குவாருங்க. நீங்க ஏறுங்க."

"உன்ற வாடகை எனக்கு வேண்டாம். போ."

அவன் முகம் சிவந்துவிட்டது. "பெரியப்பா போன மறு ஞாயித்துக்கெழமையில இருந்து வந்துட்டிருக்கறனுங்க. அப்ப எங்கிட்ட ஒரு மெஷினாவது இருந்துச்சுங்களா? ஒரு வாரம் உட்டிருப்பனா? என்னையப் போயி..."

என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவர் காலமான பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ஹால் பூட்டித்தான் கிடந்தது.

செல்வி பையோடு பக்கத்திலேயே நின்றாள். சாட்சிக்கு ஆகும் என்று, கேட்டாயா என்றேன். "கேட்டேம்மா" என்றாள். அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினேன்.

கொஞ்சம் கழித்து பஸ். ஒரு வடநாட்டுப் பையன் எழுந்து இடம் கொடுத்தான். "யம்மா, அந்தண்ணன் காரு நம்ம பொறத்தாலயே வருதும்மா" என்றாள் செல்வி. திரும்பிப் பார்க்கவில்லை. பிரசங்கம் நீளம், சாரமில்லை.

ஜூலை 14, திங்கள்

சொன்னதும் கவிதா எழுந்தே நின்றுவிட்டாள். "ஹால் குடுக்கறதுக்கு முன்னாடியே சும்மா கூட்டிட்டுப் போயிருக்காருங்களா? அப்பறம் அது எப்படிங்க ஹாலுக்கு வாடகையாகும்? இத ஏனுங்கம்மா மொதல்லயே சொல்லல?"

கைக்குட்டையால் மேசையின் டீ கறையைத் துடைத்தேன்.

அபிடவிட்டை அங்கேயே டைப் அடித்தாள். "மேற்படி அமல்ராஜ், எந்தப் பிரதிபலனும் கருதாமல், என் மீது கொண்ட அன்பினால் மட்டுமே..." அவனை வெளியேற்ற இந்த வரி போதும் என்றாள். இரண்டு முறை படித்தேன். பிழை இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

வீடு வந்ததும் ஆட்டோக்காரருக்குச் செய்தி. "ஞாயிறு காலை ஏழு மணி. மாதா கோயில். தாமதம் கூடாது."

பதில் உடனே: "ஓகே மேடம். வெயிட்டிங் சார்ஜ் தனி."