காதர் பாய் கடைக் கறியில் கிருமி

செவ்வாய், இரவு.

உடம்பெல்லாம் அசதி. தூக்கம்தான் வரவில்லை.

உணவுப் பாதுகாப்பு அலுவலராக நான் போய்வரும் பெரிய காஞ்சிபுரத்துக் கோழிக் கடைகளிலேயே சுத்தமானது காதர் பாய் கடைதான். மற்றவர்கள் ஒரே டிரம் தண்ணீரில் நாள் முழுக்கக் கோழியை முக்கி எடுப்பார்கள். அவர் குழாயடியில் ஒவ்வொன்றாகக் கழுவுவார். ஆய்வகத்துக்கு அனுப்பிய கறி மாதிரிகளின் முடிவு இன்று வந்தது. சால்மோனெல்லா கிருமி இருந்தது அவர் கடைக் கறியில் மட்டும்.

நோட்டீஸைக் கொடுத்தபோது பாய் கோபப்படவில்லை. "தினம் கடையை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிக்கினுதான் இருக்கேன் மேடம். எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார்.

"பண்ணையிலேயே தொத்தியிருக்கலாம் பாய். கண்ணால பார்த்தா தெரியாது."

பண்ணை வேறு மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே யார் போய்ச் சோதிக்கப் போகிறார்கள்?

அப்போது ஒரு பெண் அரைக் கிலோ கேட்டு வந்தாள். "கறியில கிருமி இருக்குதாம்மா. இன்னிக்கு வேணாம், போயிட்டு வா" என்று பாயே சொல்லி அனுப்பிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கினார். பிறகு என்னிடம் மெதுவாக, "உங்க வீட்டுக்கு எங்க மேடம் வாங்குறீங்க?" என்று கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "உங்ககிட்டதான் பாய். வீட்டுக்காரர் வந்து வாங்கிட்டுப் போவார்."

அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "பசங்களுக்கு ஒண்ணும் இல்லியேம்மா?" என்றார். முதல் தடவையாக மேடம் என்று சொல்லவில்லை.

ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வாங்கியதில் மீதி ஃப்ரீசரில் இருக்கிறது. நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துவிடும் என்று ஊருக்கெல்லாம் சொல்பவள் நான். நாளைக்கு அதை அடுப்பில் ஏற்றுவேனா, குப்பையில் போடுவேனா, இன்னும் முடிவு செய்யவில்லை. கண் எரிகிறது.