எட்டு மணிக்குப் பேசிய போன்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து விடாத மும்பை மழை. திலக் நகர் ஸ்டேஷன் வாசலில் கணுக்கால் வரை தண்ணீர். ஆபீஸ் போகவில்லை. ஆபீஸ் என்பதே மாட்டுங்காவில் அர்விந்த் வீட்டு ஹால்தான், ஓடிப் போகாது.

செய்ய வேண்டியவை: ஆப்பின் சம்மதப் பக்கத்தில் எழுத்துப் பிழை திருத்த. அம்மாவுக்கு பி.பி. மாத்திரை. குடைக்குக் கம்பி.

நானும் அர்விந்தும் சேர்ந்து செய்வது, மனசு சரியில்லாதவர்கள் தமிழில் பேசிவைக்க ஒரு ஆப். எழுத வேண்டாம், பேசினால் போதும். தாராவியில் ஒரு தையல் வகுப்புப் பெண்கள் சிலர் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். முதல் வாரம் ஆர்வம், பிறகு பாதிப் பேர் திறப்பதே இல்லை. அர்விந்த் போனில் கத்தினான்: "அரே, ஆப் சும்மா தூங்கறது. எதாவது பண்ணு."

ஒரு யோசனை சொன்னேன். தினமும் சாயங்காலம் எட்டு மணிக்கு போன் தானாகப் பேசட்டும். முந்தின நாள் அவரவர் பேசியதிலிருந்து கொஞ்சம் அவரவர் குரலிலேயே ஒலிக்கும். பிறகு, 'இன்று எப்படி இருக்கிறது?' நேற்றைய அழுகையை இன்று கேட்டால், பரவாயில்லை, தாண்டிவிட்டோம் என்று தோன்றுமே.

அர்விந்த்: "ஜீனியஸ்!" வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

ஜூலை 10, வியாழன்

மழை கொஞ்சம் குறைவு. கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி நடந்தேன். செருப்பு அறுந்தது.

மதியம் வரை ஒலிப்பதிவுகள் கேட்டேன். பேசுபவர்களில் முத்துலட்சுமிதான் ஒரு நாளும் விடாதவள். எப்போதும் பின்னால் பக்கெட் சத்தம், பெண்கள் சண்டை. பொதுக் கக்கூஸ் வரிசையில் நின்று பேசுகிறாளாம். "வீட்ல ஏழு பேரு. இங்கன வந்தாத்தான் ரெண்டு வார்த்த பேச முடியுது." சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அவளுக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்திருக்கிறது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, அடுத்தது எப்போது என்றுதான் பேச்சு. "மீனான்னு பேரு வச்சிருந்தேன். யார்ட்டயும் சொல்லல." நேற்றைய பதிவில்: "இன்னொன்னு இப்ப வேண்டாம்னு இருக்கு. அத்தைட்ட எப்பிடிச் சொல்லுவேன்?"

அழுதுவிட்டேன். அழுத கையோடு பெருமையும். ஆப் வேலை செய்கிறது, மனசைத் திறக்கிறார்கள் என்று அர்விந்திடம் சொன்னேன். இன்று சாயங்காலமே அந்த எட்டு மணிக் குரல் நினைவூட்டலை எல்லோருக்கும் போட்டுவிட்டோம். வடாபாவ் வாங்கிக் கொண்டாடினோம்.

ஜூலை 11, வெள்ளி

தையல் டீச்சர் போன். எடுத்ததுமே, "மேடம், என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

முத்துலட்சுமி வீட்டில் மொத்தமே ஒரு போன். புருஷனுடையது, அவள் கேட்டு வாங்கிப் பேசுகிறாள். நேற்று எட்டு மணிக்கு அது சார்ஜில் கிடந்தது. எல்லோரும் சாப்பாட்டில். திடீரென்று அவள் குரல்: இன்னொன்னு இப்ப வேண்டாம்னு இருக்கு, அத்தைட்ட எப்பிடிச் சொல்லுவேன். அந்த அத்தைக்கு அவள் அப்போதுதான் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அது முடிந்ததும் ஆப் மரியாதையாகக் கேட்டதாம்: 'இன்று எப்படி இருக்கிறது?'

ஏழு பேர் என்று அவள் சொன்னதை என் காதால் கேட்டேன். கக்கூஸ் வரிசைக்கு ஏன் போகிறாள் என்று யோசித்தேனா? எங்கள் வீட்டில் அம்மாவுக்கு ஒரு போன், எனக்கு இரண்டு.

நினைவூட்டலை நிறுத்தியாயிற்று. அர்விந்த் முதலில் "ஒரு கேஸ்தானே" என்றான். அப்புறம் நிறுத்தியது அவன்தான்.

ஜூலை 12, சனி

தாராவி போனேன். அம்மா: "எங்க கிளம்பிட்டே? மழைல நனைஞ்சுண்டு..." கம்பி போன குடையோடு இறங்கினேன்.

முத்துலட்சுமியின் மாமியார் டீ கொடுத்தார். திட்டுவார் என்று போனேன், திட்டவில்லை. "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா? நான் என்ன பேயா? நானும் ரெண்டு பறிகுடுத்தவதான். மெசினுட்ட போயி அழுதுருக்கா பாருங்க." சொல்லிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். புருஷன் டி.வி.யை விட்டுத் திரும்பவில்லை.

சந்து முனை வரை முத்துலட்சுமி கூட வந்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "மீனாவை நெனச்சா எனக்கும் ரொம்பக் கஷ்டமா இருந்தது" என்றேன்.

நின்றுவிட்டாள். "அந்தப் பேரு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நீ பேசறதை நாங்க கேட்போம்னு அந்த முதல் பக்கத்துல இருந்ததே. சம்மதம்னு அமுக்கினியே."

"எனக்கு எங்க தமிழ் வாசிக்கத் தெரியும்? முனிசிபாலிட்டி ஸ்கூல்ல ஹிந்தில படிச்சவக்கா. டீச்சர் அமுக்கச் சொன்னாவ, அமுக்குனேன்." சந்துச் சுவரைப் பார்த்தபடி, "மெசினுன்னு நெனச்சுல்லா பேசுனேன். ஆளுன்னு தெரிஞ்சா அந்தப் பேரச் சொல்லியிருப்பனா?"

தமிழ்ப் பெண்களுக்குத் தமிழில்தான் எல்லாம் என்று எத்தனை இடத்தில் பெருமையடித்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை அதே பக்கத்தில் ஒற்றுப் பிழை பார்த்தேன். வாசிக்கத் தெரியுமா என்று ஒருத்தியையும் கேட்கவில்லை.

"எல்லாத்தையும் அழிச்சிருங்க. இனிமே யாரும் கேக்கக் கூடாது." திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

வெயில். துணி காயப் போட்டேன்.

ஆப் சோதனையை மொத்தமாக நிறுத்துகிறோம். மற்ற பெண்களிடம் நேரில் போய், பேசியதை நாங்கள் கேட்டோம் என்ற உண்மையைச் சொல்ல வேண்டும், நான்தான் சொல்ல வேண்டும். அர்விந்த் ஒப்புக்கொண்டான்.

முத்துலட்சுமியின் பதிவுகளை அழிக்க உட்கார்ந்தோம். வெள்ளிக்கிழமை காலையில் ஒன்று இருந்தது. வீட்டில் அது நடந்த மறுநாள். இன்னும் யாரும் கேட்காதது. நீளமானது.

அர்விந்த்: "கேட்டுட்டு அழி. எதாவது விபரீதமா சொல்லியிருந்தா?"

எனக்கும் அதே பயம். டீச்சருக்கு போன் பண்ணினேன். "இப்பதான் பார்த்துட்டு வரேன். பேசினா, சாப்பிட்டா. தினம் போய்ப் பார்ப்பேன். நீங்க வராதீங்க மேடம்."

அழித்தேன். கேட்கவில்லை. அவள் அதில் என்ன சொன்னாள் என்று இனி அவளிடம்தான் கேட்க வேண்டும், அவளோ என்னிடம் சொல்ல மாட்டாள்.